லண்டன் மாடிகளில் பொரி வல்லூறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் முதல் ஜூன் வரை சனி, ஞாயிறு காலைகளில் லண்டனில் ஒரு உயரமான கட்டடத்துக்கு எதிரே டெலஸ்கோப்பை நிறுத்திக்கொண்டு நிற்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். மேலே ஒரு சோடி வல்லூறு குடியிருக்கிறது. தெருவில் போகிறவர் வருகிறவர் கேட்பது, ஊரிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் கேட்பது, பக்கத்து ஃபிளாட் தமிழ்க் குடும்பங்கள் கேட்பது எல்லாம் சுற்றிச்சுற்றி இதே கேள்விகள்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன். எந்தக் கட்டடம் என்று மட்டும் கேட்காதீர்கள், காரணம் கீழே வரும்.

இது கழுகா, பருந்தா, ராஜாளியா?

ஆங்கிலத்தில் பெரிக்ரின் ஃபால்கன், தமிழ்ப் பறவைப் புத்தகங்களில் பொரி வல்லூறு. நாம் பொதுவாக ராஜாளி என்று சொல்வதும் இந்த வகையறாவைத்தான். அரக்கோணம் கடற்படை விமானதளத்துக்கு ஐ.என்.எஸ். ராஜாளி என்று பெயர் வைத்தார்களே, அந்த ராஜாளி. காக்கை அளவுதான் இருக்கும், ஆனால் நெஞ்சு அகலம். முதுகு சிலேட்டு நிறம், வயிற்றில் குறுக்குக் கோடுகள், கண்ணுக்குக் கீழே தடித்த கறுப்புக் கிருதா. அந்தக் கிருதாவைப் பார்த்துவிட்டால் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். முதல் வருடக் குஞ்சுகள் மட்டும் பழுப்பாக, நெஞ்சில் நெடுக்குக் கோடுகளோடு இருக்கும்.

பெண்தான் பெரியது. ஆண் 600, 700 கிராம் என்றால் பெண் ஒரு கிலோ வரை போகும், தாண்டவும் செய்யும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் "அம்மாவும் பிள்ளையுமா?" என்று கேட்காதவர் இல்லை.

இன்னொரு விஷயம். இதன் வளைந்த அலகையும் நகத்தையும் பார்த்து கழுகுக்குச் சொந்தம் என்று நினைப்பது இயல்பு, நானும் அப்படித்தான் நினைத்தேன். 2008-ல் வந்த மரபணு ஆராய்ச்சி வல்லூறுகளைக் கழுகுகளிடமிருந்து பிரித்துக் கிளிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது. சாப்பாட்டுக் கேள்வியில் இது திரும்ப வரும்.

பாறையில் வாழ வேண்டிய பறவைக்கு லண்டனில் என்ன வேலை?

அதற்கு இது பாறைதான். செங்குத்தான சுவர், நடுவில் ஒரு விளிம்பு, கீழே திறந்த வெளி, சுற்றிலும் இரை. மலையில் கிடைப்பதைவிடப் புறா இங்கே அதிகம், துப்பாக்கியோடு வருகிறவர்கள் குறைவு. பாட்டர்சீ மின்நிலையத்தில் 2000 வாக்கில் ஒரு சோடி கூடு வைத்தது. அப்புறம் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் புகைபோக்கி, நாடாளுமன்றம், சேரிங் கிராஸ் மருத்துவமனை என்று பரவி இன்றைக்கு லண்டனில் மட்டும் முப்பது சோடி அளவில் இருக்கின்றன. வெளியூர்களில் பெரிய தேவாலயங்கள்தான் முக்கிய முகவரி: டெர்பி, நாரிச், சிச்செஸ்டர். சாலிஸ்பரி தேவாலயத்தில் 1953-க்குப் பிறகு 2014-ல்தான் மறுபடி குஞ்சு பொரித்தது. பாட்டர்சீயில் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்த வருடங்களில் இந்தப் பறவைகளுக்காகவே தனியாக ஒரு உயரமான இரும்புக் கோபுரம் எழுப்பி உச்சியில் கூட்டுப் பெட்டி வைத்தார்கள். இரண்டு பறவைக்கு இவ்வளவு செலவா என்று கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பதில் அடுத்த கேள்வியில்.

கிட்டத்தட்ட அழிந்தே போனது என்கிறார்களே, அப்படி என்ன ஆனது?

இரண்டு தடவை அடி வாங்கியது. முதல் அடி யுத்தத்தில். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்கள் தபால் புறாக்களைக் கூடவே கொண்டுபோகும். விமானம் கடலில் விழுந்தால் புறாதான் செய்தி கொண்டுவர வேண்டும். வழியில் வல்லூறு அந்தப் புறாவை அடித்துத் தின்றால்? 1940-ல் அரசே உத்தரவு போட்டு ஏறத்தாழ 600 வல்லூறுகளைச் சுட்டுத் தள்ளியது, முட்டைகளையும் உடைத்தது. ஆனால் சுட்டதிலிருந்து மீள்வது பறவைக்குக் கஷ்டமில்லை. யுத்தம் முடிந்ததும் எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது அடிதான் கண்ணுக்குத் தெரியாதது. 1960 வாக்கில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் வல்லூறு பெருகிவிட்டது, சட்டப் பாதுகாப்பை எடுங்கள் என்று அரசிடம் புகார் கொடுத்தார்கள். அதைச் சரிபார்க்க டெரெக் ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானியின் தலைமையில் நாடு முழுக்கக் கணக்கெடுத்தால், பெருகியிருக்கிறது என்று சொல்லப்பட்ட பறவை பாதி இடங்களில் காணவே இல்லை. 1963-ல் போருக்கு முந்தைய எண்ணிக்கையில் பாதிகூட மிச்சமில்லை. இருந்த சோடிகளிலும் பல, முட்டை இட்டு, தானே உட்கார்ந்து, தன் எடையிலேயே முட்டையை நசுக்கிக்கொண்டிருந்தன.

ஏன் என்று கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கூட்டிலிருந்து முட்டை திருடிச் சேர்ப்பது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. ஊதிக் காலி செய்த முட்டை ஓட்டைப் பஞ்சில் வைத்து, தேதியும் இடமும் எழுதி, அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். ராட்கிளிஃப் அந்த ஓடுகளை எடைபோட்டு அளந்து பார்த்தார். 1940களின் நடுப்பகுதி வரை ஒரே கனமாக இருந்த ஓடு, 1947 வாக்கிலிருந்து சட்டென்று மெலிந்திருந்தது. அதாவது டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி வயலுக்கு வந்த சமயம். பூச்சியைத் தின்ற சிட்டு, தானியம் தின்ற புறா, அதையெல்லாம் தின்ற வல்லூறு என்று விஷம் படிப்படியாகச் சேர்ந்து ஓட்டில் சுண்ணாம்பு சேரவிடாமல் செய்துவிட்டது. 1967-ல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. விதைக்குப் பூசிய டீல்ட்ரின் போன்ற மருந்துகள் பெரிய பறவைகளை நேரடியாகவே கொன்றன. முட்டை திருடர்களின் அலமாரி கடைசியில் முட்டைக்குச் சாட்சி சொன்னது.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஒரு சோடிகூட மிஞ்சவில்லை. அங்கே 1972-ல் டி.டி.டி.யைத் தடைசெய்து, டாம் கேட் என்ற பறவையியலாளர் போன்றவர்கள் கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, 1999-ல்தான் ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பிரிட்டனில் அப்படி வளர்த்து விடும் பெரிய திட்டம் எதுவும் இல்லை. விஷத்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள், மலைகளில் மிஞ்சியிருந்தவை தானாகவே பெருகின. 2014 கணக்கெடுப்பில் 1,769 சோடிகள்.

எந்த மாதம் வந்தால் என்ன பார்க்கலாம்?

பிப்ரவரியில் கல்யாணப் பேச்சு. ஆண் இரையைக் கொண்டுவந்து பறந்துகொண்டே பெண்ணுக்குக் கைமாற்றும், பெண் தலைகீழாகப் புரண்டு வாங்கிக்கொள்ளும். ஒரு நொடிதான், பார்த்தவர் பாக்கியசாலி. மார்ச் கடைசியில் முட்டை, பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு நாள் இடைவெளி, நல்ல செங்கல் நிறம். முதல் முட்டை இட்டதும் அம்மா எழுந்து போய்விட்டால் "ஐயோ, விட்டுவிட்டுப் போய்விட்டது" என்று பதறாதீர்கள். கடைசிக்கு முந்தின முட்டை வரும்வரை அது முழுநேரமாக அடைகாக்காது, அப்போதுதான் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகப் பொரிக்கும்.

அப்புறம் ஒரு மாதத்துக்கு ஒன்றுமே நடக்காது. கீழிருந்து பார்த்தால் விளிம்புக்கு மேலே ஒரு சாம்பல் தலை, அவ்வளவுதான். ஏப்ரல் கடைசியில் பொரிக்கும். மே நடுவில் வெள்ளைப் பஞ்சுருண்டைகள் விளிம்பில் எட்டிப்பார்க்கும். ஆறு வாரத்தில், மே கடைசி முதல் ஜூன் நடு வரை, பறக்கும். எடை குறைவு என்பதால் ஆண் குஞ்சுகள் சில நாள் முந்திக்கொள்ளும். வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால் ஜூன் முதல் வாரம் வாருங்கள். குஞ்சுகள் சுவருக்குச் சுவர் மோதிப் பழகுவதும், அப்பா புறாவைக் காலில் தொங்கவிட்டு ஆசைகாட்டி அவற்றை வானத்துக்கு இழுப்பதும் அந்த வாரத்தில்தான்.

கூடு எங்கே? ஒரு குச்சிகூடக் காணோமே?

இது கூடு கட்டாது. சரளைக்கல்லில் நெஞ்சை அழுத்திக் காலால் பின்னுக்குத் தள்ளி ஒரு சின்னப் பள்ளம் பறிக்கும், அதுதான் கூடு. பாறையில் மண்ணும் பொடிக்கல்லும் கிடக்கும், கட்டடத்தில் கிடக்காது. வெறும் சிமெண்டில் இட்ட முட்டை உருளும். கூரை ஓரத் தண்ணீர்க் கால்வாயில் இட்டால் ஒரு நாள் மழைக்கே குளிர்ந்து போகும்.

அதனால்தான் தட்டு வைக்கிறோம். பெரிய ரகசியம் இல்லை: முக்கால் மீட்டர் அகல நீளத்தில் ஒரு மரப்பெட்டி, முன்பக்கம் தாழ்ந்த விளிம்பு, அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள், உள்ளே கூர் இல்லாத சின்னக் கூழாங்கல் ஒரு கையளவு ஆழம். தெற்கு வெயில் நேரே விழாத பக்கம் பார்த்து வைக்க வேண்டும். இங்கே வெயில் எங்கே என்று சிரிக்கிறீர்கள், கருங்கல் சுவரில் ஜூன் மதியம் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சிரைப்பதைப் பார்த்தால் சிரிக்க மாட்டீர்கள். வைக்கும் நேரம் இலையுதிர் காலம். பறவை வந்து உட்கார்ந்த பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் அது உதவி இல்லை, குற்றம்.

எப்படிப் பார்ப்பது? எங்கே நிற்பது?

தெருவில் நில்லுங்கள், எதிர்ப் பக்கத்தில், கட்டடத்திலிருந்து எவ்வளவு தள்ளியோ அவ்வளவு நல்லது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். 8x42 பைனாகுலர் போதும். முதலில் பறவையைத் தேடாதீர்கள், தடயத்தைத் தேடுங்கள்: சுவரில் சுண்ணாம்பு ஊற்றியது போல வழியும் எச்சம், நடைபாதையில் உதிர்ந்த இறகு, சில நாள் இரண்டு இறக்கையும் நெஞ்செலும்போடு ஒட்டியபடி ஒரு முழுசெட் விழுந்து கிடக்கும், நடுவில் சதை மட்டும் இருக்காது. வெறும் இறகுக் குவியலாகச் சிதறிக் கிடந்தால் அது பூனையாகவோ வைரிக் குடும்பத்து ஸ்பாரோஹாக்காகவோ இருக்கலாம், இறக்கைச் செட் என்றால் மேலே பாருங்கள்.

சத்தமும் காட்டிக்கொடுக்கும். கரகரப்பாக, விடாமல், கெக்-கெக்-கெக் என்று கத்தினால் யாரோ எல்லைக்குள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ நீங்களாக இருந்தால் உடனே பின்வாங்குங்கள். பறவை தலையை ஆட்டி ஆட்டி உங்களையே பார்க்கிறதா, முட்டையை விட்டு எழுந்துவிட்டதா, வட்டமிட்டு வட்டமிட்டு இறங்க மாட்டேன் என்கிறதா, மூன்றும் ஒரே செய்திதான். மார்ச் மாதக் குளிரில் முட்டை திறந்து கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இடத்தைப் பரப்ப வேண்டாம் என்பதும் இதில் சேர்த்திதான். கதீட்ரல் மாதிரி கேமராவும் காவலும் உள்ள இடங்களை ஊரே அறியும், தப்பில்லை. புதிதாக ஒரு கூட்டைக் கண்டால் ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். முட்டை திருடர்கள் இன்றும் முழுதாக ஒழியவில்லை, அரபு நாடுகளின் பந்தயச் சந்தையில் வல்லூறுக்கு நல்ல விலை. ஸ்காட்லாந்தில் காட்டுக் குஞ்சுகளைத் திருடி விற்ற அப்பாவும் மகனும் 2024-ல் தண்டனை பெற்றார்கள், டி.என்.ஏ. சோதனையில் மாட்டினார்கள். உள்ளூர் பறவைக் குழுவிடம் சொல்லுங்கள், போதும்.

ட்ரோன் விட்டு ஒரே ஒரு படம் எடுக்கலாமா?

கூடாது. 1981-ம் வருட வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை இது. கூட்டிலோ கூட்டுக்குப் பக்கத்திலோ இருக்கும்போது தெரிந்தோ பொறுப்பில்லாமலோ தொந்தரவு செய்தாலே குற்றம், கொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள், மேலிருந்து பாய்ந்து அடிப்பதுதான் இந்தப் பறவையின் தொழில். ட்ரோனையும் அடிக்கும், விசிறியில் அதன் கால் போகும். யாராவது விடுவதைப் பார்த்தால் அந்த நிமிடமே போலீசின் அவசர எண் 999. முடிந்துபோன விஷயம் என்றால் அவசரமில்லாத எண் 101-ல் சொல்லி, வனவிலங்குக் குற்றம் என்ற வார்த்தையைப் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு வேகம்?

பாய்ச்சலில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். அமெரிக்காவில் பழக்கிய ஒரு பறவையை விமானத்திலிருந்து விட்டு அளந்தபோது 389 வந்தது. தெருவில் நிற்கும் உங்களுக்கு வேகம் தெரியாது, திடீரென்று நடுவானில் இறகு வெடிப்பதுதான் தெரியும்.

என்ன சாப்பிடும்?

பறவை, பறவை, பறவை. அதில் புறா முதலிடம். ஆனால் லண்டனில் நம்மாட்கள் அதிர்ச்சியாகும் அயிட்டம் பச்சைக்கிளி. ஆமாம், நம் ஊர் வேப்பமரத்தில் கத்துமே, கழுத்தில் வளையம் போட்ட அதே கிளி. கூண்டிலிருந்து தப்பியவை பெருகி லண்டன் பூங்காக்களில் ஆயிரக்கணக்கில் திரிகின்றன. முதல்முறை நடைபாதையில் அந்த நீளப் பச்சை வால் இறகு கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தது அதன் ஒன்றுவிட்ட சொந்தம் என்பதை நினைத்தால் இன்னும் ஒரு மாதிரி.

2020 ஊரடங்கில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆபீஸ் மூடி, சாண்ட்விச் துணுக்கு இல்லாமல் நகர மையத்தில் புறாக் கூட்டம் கலைந்தது. கூட்டுக் கேமராக்களை வைத்து கிங்ஸ் காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்ததில், லண்டன் வல்லூறுகளின் தட்டில் புறாவின் பங்கு குறைந்து, மைனாவுக்குச் சொந்தமான ஸ்டார்லிங்கும் கிளியும் கூடியிருந்தன. நாம் வீட்டுக்குள் அடைந்தது ஐம்பது மீட்டர் உயரத்தில் ஒரு பறவையின் சாப்பாட்டை மாற்றியிருக்கிறது.

இரவு வேட்டை இதைவிட ஆச்சரியம். டெர்பி கதீட்ரலில் கீழே விழும் மிச்சங்களைப் பல வருடம் பொறுக்கிச் சேர்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாட்டர் ரெயில், முக்குளிப்பான், உட்காக் எல்லாம் பகலில் நகரத்துக்கு மேலே பறக்காத, நாணலிலும் புதரிலும் ஒளிந்து வாழ்கிற பறவைகள். அவை எப்படி மாட்டின? அவை இரவில் வலசை போகிறவை, கீழே நகர விளக்கு வெளிச்சம் வயிற்றில் பட்டு மின்னும், இருட்டில் உட்கார்ந்திருக்கும் வல்லூறு கீழிருந்து கிளம்பிப் போய்ப் பிடிக்கும். உயிரோடு ஒரு உட்காக்கை நள்ளிரவில் கொண்டுவந்தது அங்கே கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைகளுக்கு வருவதும் இந்த உட்காக் இனம்தான்.

மிச்சத்தைச் சுவர் இடுக்கில் செருகி வைக்கும் பழக்கமும் உண்டு. ஃபிரிட்ஜ் மாதிரி. சில சமயம் அது நழுவி யார் தலையிலாவது விழும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் பூனையை, நாய்க்குட்டியை, குழந்தையைத் தூக்குமா?

தூக்காது. ஒரு கிலோ பறவை எதைத் தூக்கும்? வீட்டில் பந்தயப் புறா வைத்திருந்தால் அது நிஜமான கவலைதான், ஏளனம் செய்ய மாட்டேன். குஞ்சு வளரும் மாதங்களில் கூட்டுப் பக்கமாகப் பறக்கவிடும் நேரத்தையும் திசையையும் மாற்றிப் பார்க்கலாம். விஷம் தடவிய புறாவை விட்டு வல்லூறைக் கொல்கிற கேவலமான வேலையையும் இதே நாட்டில் சிலர் செய்திருக்கிறார்கள், அது வேறு.

குஞ்சு நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறது! என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

முதல்முறை பறக்கும் குஞ்சு காற்று மாறினால் கீழே இறங்கிவிடும். பாறை மலை என்றால் ஏதாவது ஒரு கல்லில் தொத்தி மேலே ஏறும். நகரத்தில் நான்கு பக்கமும் வழவழப்பான சுவர், நடுவில் பஸ். தரையிலிருந்து எழும்பத் தேவையான பலம் இறக்கைக்கு இன்னும் வந்திருக்காது. தெருவில் இறங்கி ஊட்டப் பெற்றோருக்கும் தைரியம் வராது.

எனவே முதலில் ஆட்களையும் நாய்களையும் தள்ளி நிறுத்துங்கள். பூங்காவிலோ தாழ்ந்த கூரையிலோ பத்திரமாக உட்கார்ந்திருந்தால் தொடாமல் காவல் நின்று, கூட்டைக் கவனிக்கும் குழுவுக்கோ ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குநல அமைப்புக்கோ போன் செய்யுங்கள். சாலை ஓரம், வண்டி வருகிறது என்றால் மட்டும் கை வையுங்கள். பின்பக்கமாகப் போய், கோட்டோ துண்டோ தலையோடு சேர்த்துப் போர்த்தி, இறக்கையை உடம்போடு அணைத்துத் தூக்கி, காற்றோட்டம் உள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். அலகைவிடக் கால் நகம்தான் ஆபத்து. இருட்டில் அமைதியாகிவிடும். தண்ணீர் புகட்டாதீர்கள், சிக்கன் கொடுக்காதீர்கள், செல்ஃபி எடுக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள். அடிபடாத குஞ்சு என்றால் அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், பெற்றோர் கண்ணில் படும் உயரத்தில் ஒரு மாடியில் திரும்ப விட வேண்டும். கையில் தொட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பது கட்டுக்கதை, ஊரில் சிட்டுக்குருவிக்குச் சொல்கிற அதே கதை.

ஒரு வருடம் ஜூன் மாதத்தில் எங்கள் குஞ்சு ஒன்று அடுக்ககத்தின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் இறங்கிவிட்டது. இரவுக் காவலாளி, நைஜீரியாக்காரர், நான் வருவதற்குள் வாழைப்பழப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, மூன்று சைக்கிள்காரர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். அருகே போனால் குஞ்சு மல்லாந்து படுத்து இரண்டு காலையும் விரித்துக் காட்டி, வாயைப் பிளந்து சீறியது. தலையில் இன்னும் இரண்டு மூன்று வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது, கோபத்தில் அது ஆடியது. கோட்டைப் போர்த்தியதும் கப்சிப். மாடியில் பெட்டியைத் திறந்துவிட்டு நாங்கள் கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றோம். இருபது நிமிடம் அசையவில்லை. அப்புறம் அம்மா எதிர்க் கட்டடத்தில் வந்து உட்கார்ந்து ஒரு குரல் கொடுத்தது, பிள்ளை பதிலுக்குக் கத்தத் தொடங்கியது, கத்திக்கொண்டே இருந்தது, மறுநாள் காலைவரை கத்தியது என்று காவலாளி புகார் சொன்னார்.

நாங்கள் இருக்கும் கட்டடத்திலேயே கூடு. சாரம் கட்டி வேலை நடக்க வேண்டும், என்ன செய்வது?

பிப்ரவரி கடைசி முதல் ஜூலை வரை கூட்டுப் பக்கத்தில் வேலை வைக்காதீர்கள், அவ்வளவுதான். கயிற்றில் தொங்கி ஜன்னல் துடைப்பவர்கள், ஆண்டெனா ரிப்பேர், கூரை பெயிண்ட் எல்லாம் சேர்த்தி. ஒத்திப்போட முடியாத பாதுகாப்புப் பிரச்சினை, கல் பெயர்ந்து விழுகிறது என்பது போல, வந்தால் இங்கிலாந்தில் நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். பட்ஜெட் வருடம் மார்ச்சில் முடிகிறது என்பது பாதுகாப்புப் பிரச்சினை ஆகாது.

இதை ஏன் இவ்வளவு சூடாகச் சொல்கிறேன் என்றால், நாங்கள் கவனித்த ஒரு கட்டடத்தில் நிர்வாகத்திடம் டிசம்பரிலேயே எழுத்தில் கொடுத்தும், ஏப்ரல் முதல் வாரம் ஒரு ஒப்பந்தக்காரர் கூரைக்கு ஆள் ஏற்றிவிட்டார். அந்த ஆட்களிடம் யாரும் சொல்லவே இல்லை, அவர்கள் மேல் தப்பில்லை. பறவை இரண்டு மணி நேரம் வானத்திலேயே கத்திக்கொண்டு சுற்றியது. நாங்கள் போலீசுக்குப் போன் செய்து அவர்கள் இறங்குவதற்குள் சாயங்காலம். அந்த வருடம் ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் மேனேஜருக்குக் கடிதம் எழுதுவதோடு நிறுத்துவதில்லை. கூரைக் கதவிலேயே லாமினேட் செய்த அறிவிப்பு, சாவி வைத்திருப்பவர் பெயர் பட்டியல், வரவேற்பு மேசையில் ஒரு பிரதி. கடிதத்தை யாரும் படிப்பதில்லை, கதவைத் திறப்பவர் கண்ணில் படவேண்டும்.

காலில் வளையம் மாட்டுகிறார்களே, அது தொந்தரவு இல்லையா?

உரிமம் உள்ளவர்கள் மட்டும், குஞ்சு மூன்று வாரம் இருக்கும்போது ஒரே தடவை செய்வது. அதற்கு முன்னால் கால் சின்னது, பிந்தினால் குஞ்சு பயந்து விளிம்பிலிருந்து குதித்துவிடும். ஒரு காலில் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையின் உலோக வளையம், இன்னொன்றில் தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய எழுத்துகளோடு நிற வளையம். எங்கே போனது, யாரோடு சேர்ந்தது, எத்தனை வயதில் செத்தது என்பதெல்லாம் அதனால்தான் தெரிகிறது. நிற வளையத்தைப் படிக்க முடிந்தால் நிறம், எழுத்து, எந்தக் கால் மூன்றையும் குறித்து அனுப்புங்கள்.

கேமராவில் பார்த்தேன், ஒரு குஞ்சு இளைத்துச் செத்தது. நீங்கள் ஏன் ஏறிப்போய்க் காப்பாற்றவில்லை?

வருடா வருடம் திட்டு வாங்கும் கேள்வி. ஒன்றைக் காப்பாற்ற ஏறினால் மிச்ச மூன்றும் பயந்து குதிக்கலாம். புறாவிலிருந்து தொற்றும் தொண்டை நோய், கடைசியாகப் பொரித்ததால் தீனிப் போட்டியில் தோற்றது என்று காரணம் பல. முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் செத்துப்போகிற இனம் இது. மனிதனால் வந்த பிரச்சினை, நைலான் கயிறு காலில் சுற்றியது போல, என்றால் உரிமம் உள்ளவரைக் கூப்பிட்டு ஏறுவோம். மற்றதற்கு ஏறமாட்டோம். கேமராவுக்குக் கீழே நீங்கள் எழுதும் சாபங்களையெல்லாம் படிக்கிறோம்.

செத்த பறவை கிடந்தால்?

கையால் தொடாதீர்கள். 2021, 22-லிருந்து பறவைக் காய்ச்சல் வல்லூறுகளையும் கொன்றுகொண்டிருக்கிறது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அரசின் பறவை அறிவிப்பு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பக்கத்தில் செத்த புறாவும் கிடந்து, சந்தேகமாக நீலமோ இளஞ்சிவப்போ ஏதாவது பொடி தெரிந்தால் அது விஷமாக இருக்கலாம், நேரே போலீசுக்கு.

நம் ஊரில் இது உண்டா?

உண்டு. இரண்டு விதமாக உண்டு. சைபீரியப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு வந்து கடற்கரை, ஏரி, செல்போன் டவர் என்று தங்கிப் போகிறவை ஒன்று. ஊரிலேயே குடியிருக்கும் ஷாஹீன் என்ற கிளையினம் இன்னொன்று, வயிறு செம்பழுப்பாக, கிருதா போய் முழு ஹெல்மெட் மாட்டினது போலத் தலை கறுப்பாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளிலும், இலங்கையில் சிகிரியாக் குன்றிலும் கூடு வைப்பது அதுதான். சிகிரியா போகும் யாழ்ப்பாண நண்பர்களுக்கு நான் சொல்வது: ஓவியத்தைப் பார்த்த கையோடு ஐந்து நிமிடம் வானத்தையும் பாருங்கள்.

தன்னார்வலராக வர என்ன தகுதி வேண்டும்?

நிற்கத் தெரிய வேண்டும், ஒன்றும் நடக்காத ஏப்ரலில்கூட. பறவை அறிவு தேவையில்லை, அது இரண்டு வாரத்தில் வந்துவிடும். தமிழும் ஆங்கிலமும் பேசுகிற ஆள் கிடைத்தால் ரொம்ப நல்லது, எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்மவர்கள். ஃபிளாஸ்க், மடக்கு நாற்காலி, மழைக்கோட்டு கொண்டுவாருங்கள். ஜூன் முதல் வாரத்துக்கு வந்தால் நல்ல அட்டைப்பெட்டி ஒன்றும். என்னுடையது போன வருட மழையில் ஊறிப் போய்விட்டது.